பதிவேட்டில் இல்லாத தண்ணீர்

உஷாராணிக்குத் தண்ணீர் என்பது ஐந்து கட்டங்கள் போட்ட ஒரு தாள். வரிசை எண், இடம், பரப்பு, ஆழம், நிலை. தில்லி ராமகிருஷ்ணபுரத்தில் ஓர் அரசு அலுவலகத்தின் மூன்றாவது மாடியில், நீர்நிலைப் பிரிவில் அவள் யூ.டி.சி., அதாவது மேல்நிலை எழுத்தர். தில்லியிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள குளம், ஏரிகளின் பட்டியலை ஆண்டுதோறும் ஏப்ரலில் தயாரிப்பது அவள் வேலை. தயாரிப்பது என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். போன வருடத்துப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அப்படியே எழுதுவாள். கடைசியில் 'சரிபார்க்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவாள். இப்படிப் பதினோரு ஏப்ரல்கள் போய்விட்டன.

அவளுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் மாணிக்கவாசகம். ஓய்வு பெற்றுப் போகும்போது பதிவேட்டை அவள் தலையில் கட்டிவிட்டு, "இதுல ஒண்ணும் வேலை இல்லம்மா. போன வருஷம் இருந்தது இந்த வருஷமும் இருக்கும். குளம் எங்க நடந்து போயிடப் போகுது" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த மனிதர் ஒரு குளத்தையும் பார்த்ததில்லை. உஷாராணியும் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை.

2003 ஏப்ரலில் அலுவலகத்துக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. லட்சத்தீவில் ஒரு சின்னத் தீவில் கடல்நீர் அளவீட்டு நிலையம். அங்கே மூன்று வருட டெபுடேஷனில் ஓர் உதவியாளர் தேவை. காற்று உருளையோடு கடலுக்குள் மூழ்குகிற ஸ்கூபா பயிற்சிச் சான்றிதழ் கட்டாயம். அலுவலகப் பரிந்துரையோடு செப்டம்பர் முப்பதுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். குடியிருப்பிலிருந்து கடல் நாற்பது மீட்டர் தூரத்தில் இருக்கிறது என்று அடியில் ஒரு வரி. உஷாராணி அந்த வரியை மூன்று தடவை படித்தாள்.

அவள் பிறந்தது அருப்புக்கோட்டையில். அங்கே பத்து நாளைக்கு ஒருமுறை குழாயில் தண்ணீர் வரும். கல்யாணமாகி வந்த மோதி பாக் அரசுக் குடியிருப்பில் காலை ஐந்து மணிக்கு வந்து ஏழு மணிக்கு நின்றுவிடும். நாற்பத்தொரு வயது வரைக்கும் குடத்திலும் வாளியிலும் அளந்துதான் தண்ணீரைப் பார்த்திருக்கிறாள். அளவில்லாத தண்ணீருக்குப் பக்கத்தில் மூன்று வருடம் இருக்க வேண்டும் என்று அவளுக்கு வெறியே வந்துவிட்டது. இதை வேறு விதமாகச் சொல்லி மழுப்ப வேண்டியதில்லை. அந்த வேலை அவளுக்கு வேண்டும், அவ்வளவுதான்.

"ஸ்கூபாவா? தில்லியிலயா?" என்று சிரித்தான் கணவன் சுரேஷ்குமார். ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் ஸ்டோர்ஸில் இருக்கிறான். எதற்கும் சிரிக்கிறவன், ஆனால் கூப்பிட்ட இடத்துக்கு ஸ்கூட்டரை எடுக்கிறவன்.

டெலிபோன் டைரக்டரியின் மஞ்சள் பக்கங்களைப் புரட்டி, 'டைவிங்' என்று போட்டிருந்த எண்களுக்கெல்லாம் உஷாராணி போன் செய்தாள். ஒருவர் போர்வெல்லுக்குள் விழுந்த மோட்டாரை வெளியே எடுக்கிறவர். "எத்தனை அடியில விழுந்தது, பஹன்ஜி?" என்று அக்கறையாக விசாரித்தார். இன்னொருவர் மீன் தொட்டி விற்கிறவர். நாலடித் தொட்டிக்குள் எந்த ஆளும் இறங்க முடியாது என்று அவரும் பொறுமையாக விளக்கினார். கடைசியில் மலை மந்திர் முருகன் கோயிலில் பிரசாத வரிசையில் நின்ற ஒரு மாமிதான் செல்வராஜ் பெயரைச் சொன்னாள்.

செல்வராஜ் தூத்துக்குடிக்காரர். கடற்படையில் முக்குளிப்பவராக இருந்து ஓய்வு பெற்று, துவாரகாவில் மகள் வீட்டில் இருந்தார். கடல் இல்லாத ஊரில் கை அரிப்பு தாங்காமல், ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு கிளப்பின் நீச்சல் குளத்தில் குர்காவ் ஐ.டி. பிள்ளைகளுக்கு ஸ்கூபா சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

"நீச்சல் தெரியுமாம்மா?" என்று கேட்டார் போனில்.

"கிணத்துல தெரியும் சார். தண்ணி இருந்த வருஷத்துல கத்துக்கிட்டது."

"கிணத்துல தெரிஞ்சா போதும். கடல்ல சுவர் இருக்காது, அம்புட்டுதான். ஞாயித்துக்கிழம ஆறு மணிக்கு வாங்க."

கணவனின் பழைய டீஷர்ட்டும் கறுப்பு லெகிங்ஸுமாக உஷாராணி குளத்தில் இறங்கினாள். அபினவ், அபூர்வா என்று இரண்டு குர்காவ் பிள்ளைகள் அவளை 'ஆண்ட்டி' என்று கூப்பிட்டுக் கைகொடுத்து இறக்கிவிட்டார்கள். முதல் வாரம் படாத பாடு பட்டாள். தண்ணீருக்குள் மூச்சை அடக்கு என்றுதான் உலகம் அவளுக்குச் சொல்லியிருக்கிறது. இந்த மனிதர் மூச்சை அடக்கவே கூடாது, விட்டுக்கொண்டே இரு என்கிறார். கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்தால் பதறாமல் மூக்கால் ஊதி வெளியேற்று என்கிறார். அவள் பதறினாள், குடித்தாள், இருமினாள்.

மே மாதக் கடைசியில் நிலைமை தலைகீழாயிற்று. அந்தப் பிள்ளைகள் அடியில் இரண்டு நிமிடம் இருந்தாலே மேலே வரத் துடித்தார்கள். உஷாராணி அசையாமல் கீழேயே உட்கார்ந்திருந்தாள். மேலே போகாமல் கீழேயே உட்கார்ந்திருப்பது அவளுக்குக் கைவந்த கலை. பத்தொன்பது வருடமாக அரசாங்கத்தில் அதைத்தானே செய்துகொண்டிருக்கிறாள்.

"இவ்வளவு அமைதியான ஆளை நான் நேவியிலயும் பாத்ததில்ல, கேட்டியளா" என்றார் செல்வராஜ்.

ஆனால் நீச்சல் குளத்தோடு சான்றிதழ் வந்துவிடாது. திறந்த நீரில், குறைந்தது பத்து மீட்டர் ஆழமுள்ள இடத்தில், நாலு தடவை இறங்கியாக வேண்டும். குர்காவ் பிள்ளைகள் கோவாவுக்குப் பறந்துவிட்டார்கள். உஷாராணியின் லீவு எல்லாம் மாமியாரின் மூட்டு ஆபரேஷனோடு தீர்ந்துவிட்டது. அவளுக்கு இருப்பது ஞாயிற்றுக்கிழமைகள் மட்டும்.

"தில்லிக்குப் பக்கத்துல பத்து மீட்டர் ஆழத்துல நல்ல தண்ணி எங்க இருக்கு? எனக்குத் தெரிஞ்சு கிடையாது" என்று செல்வராஜ் உதட்டைப் பிதுக்கினார்.

உஷாராணிக்கு அந்த வேளையில் வந்த பெருமையை என்னவென்று சொல்ல. "என்கிட்ட லிஸ்ட் இருக்கு சார்" என்றாள். "மொத்தம் முப்பத்தொண்ணு. அதுல ஒன்பது, பத்து மீட்டருக்கு மேல."

"அப்படியா?" என்றார் அவர் ஆச்சரியத்தோடு. "நீங்க போயிப் பாத்துச் சொல்லுங்க. சரியா இருந்தா நான் வாரேன்."

ஜூலை முதல் ஞாயிற்றுக்கிழமை, நுனியில் கல் கட்டிய ஒரு நைலான் கயிற்றோடு ஸ்கூட்டரின் பின்னால் ஏறினாள். வரிசை எண் ஏழு, ஆழம் பதினொன்றரை மீட்டர். தாளில் எழுதியிருந்த முகவரிக்குப் போனால் பெரிய அலங்கார வளைவு, ஷாமியானா, பாண்டு வாத்தியம். அது ஒரு கல்யாணத் தோட்டம். வாசலில் நின்ற காவல்காரனிடம் குளம் எங்கே என்று கேட்டாள். மாப்பிள்ளை வீட்டாரா, பெண் வீட்டாரா என்று அவன் திருப்பிக் கேட்டான். பெண் வீடு என்று சுரேஷ்குமார் கூசாமல் சொல்லிவிட்டான்.

"ஏ உஷா, உன் குளத்துல குலாப் ஜாமூன் ஜோரா இருக்கு" என்றான், தட்டும் கையுமாக.

"சும்மா இருங்க. யாராச்சும் கேக்கப் போறாங்க" என்றாள். ஆனால் அவளும் இரண்டு சாப்பிட்டாள்.

அடுத்த வாரம் பார்த்த எண் பன்னிரண்டு ஒரு பஸ் டிப்போ. அதற்கடுத்தது மூன்று மாடி வீடுகள் வரிசையாக நின்ற தெரு. மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த ஒரு பெண், தனக்கு இங்கே கல்யாணமாகி வந்து இருபது வருடம் ஆகிறது, குளத்தைப் பார்த்ததே இல்லை என்றாள். இன்னொன்றில் பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள். உஷாராணி கயிற்றோடு வந்ததைப் பார்த்து, பிட்ச்சை அளக்க வந்தவள் என்று நினைத்து வழிவிட்டார்கள். எட்டாவது இடத்தில் நிஜமாகவே தண்ணீர் இருந்தது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. ஓடிப்போய்க் கயிற்றை விட்டாள். கல் அடியைத் தொட்டபோது கயிறு முழங்கால் அளவுதான் நனைந்திருந்தது. நடுவில் படுத்திருந்த எருமைகள் தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டுத் திரும்ப அசைபோட ஆரம்பித்தன.

மறுநாள் அலுவலகத்தில் பழைய கட்டுகளை இறக்கிப் பார்த்தாள். ஒரு காலத்தில் அந்த ஆழமெல்லாம் அடிக்கணக்கில் இருந்தது. மீட்டர் வந்த காலத்தில் எவரோ ஒரு புண்ணியவான் தலைப்பை மட்டும் மாற்றிவிட்டு எண்ணை அப்படியே விட்டிருக்கிறார். அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லாரும் சரிபார்த்தார்கள். கடைசிப் பதினொரு பக்கங்களில் இருந்தது அவளுடைய சொந்தக் கையெழுத்து. அழகான, வளைவு நெளிவான கையெழுத்து. வெட்கமாக இருந்தது. கோபமும் வந்தது, ஆனால் கோபித்துக்கொள்ள வேறு ஆள் கிடைக்கவில்லை.

ஆகஸ்ட்டில் ஒன்பதும் தீர்ந்துபோனது. "எதுக்கு அலையணும்? உன் ரிஜிஸ்டர்லதான் தண்ணி இருக்கே. அங்கன குதிச்சதா எழுதிக்கிட்டாப் போச்சு" என்றான் சுரேஷ்குமார். அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் அவள் அன்று மாலை துவாரகாவுக்குப் போய், சுற்றி வளைத்து, அதையே செல்வராஜிடம் கேட்டுவிட்டாள்.

அவருக்குக் கோபம் வரவில்லை. "நான் கையெழுத்துப் போட்டா என்ன அர்த்தம் தெரியுமா? அடியில ஒரு கோளாறு வந்தா இந்தப் பொம்பள பதறாம மேல வந்திருவான்னு அர்த்தம். அங்க போயி பதறுனா ஆளு செத்துப்போகும். நான் தண்ணியில பாக்காம எழுத மாட்டேன்மா" என்றார்.

அன்று கரையில் அந்த எருமைகளை மேய்த்துக்கொண்டிருந்தவர் அவளை மறக்கவில்லை. கயிற்றோடு வந்து அழுத பெண்ணை யார் மறப்பார்கள். அடுத்த ஞாயிறு அந்தப் பக்கம் போனபோது அவரே கைதட்டிக் கூப்பிட்டு, ஹரியானா எல்லை தாண்டி மலைக்குப் பின்னால் ஒரு பழைய திறந்தவெளிக் கல் சுரங்கம் இருக்கிறது, தோண்டும்போது ஊற்று பீறிட்டுப் பத்து வருடத்துக்கு முன்னால் அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள், தண்ணீர் நீலமாக இருக்கும் என்றார்.

செல்வராஜ் முதலில் தனியாகப் போய்ப் பார்த்தார். கரையையும் ஆழத்தையும் இரண்டு நாள் அளந்து, ஊர்த் தலைவரிடம் பேசி அனுமதி வாங்கி, இறங்குகிற இடத்தில் கயிறு கட்டிவிட்டு வந்தார். "பத்தொம்பது மீட்டர்" என்று போனில் சொன்னபோது அந்தக் கடற்படைக்காரரின் குரலே கொஞ்சம் பிசிறியது.

செப்டம்பர் முதல் வாரம் அவருடைய மாருதி வேனில் சிலிண்டர்களை ஏற்றிக்கொண்டு மூவரும் கிளம்பினார்கள். எல்லையில் போலீஸ்காரர் வண்டியை நிறுத்தினார். கேஸ் பிளாக்கில் விற்கிறாயா என்று அதட்டினார். வெறும் காற்று என்றார் செல்வராஜ். போலீஸ்காரர் சிலிண்டர் வால்வைத் திறக்கச் சொல்லி, முகத்தில் அடித்த காற்றை முகர்ந்து பார்த்தார். தில்லிக் காற்றை அடைத்து ஹரியானாவுக்குக் கொண்டுபோகிற ஆளை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்று சொல்லித் தலையில் அடித்துக்கொண்டு அனுப்பிவைத்தார்.

உஷாராணி இறங்கினாள். மேலே வெதுவெதுப்பு. ஐந்து மீட்டருக்குக் கீழே குளிர் சட்டென்று காலைப் பிடித்தது. சுரங்கத்துக்காரர்கள் வெட்டிய படிகள் பச்சை வெளிச்சத்தில் ஒன்றன்பின் ஒன்றாகக் கீழே போயின. ஒரு படியில் கடப்பாரை, ஒரு படியில் ஒற்றைச் செருப்பு, அதற்கும் கீழே இலையில்லாமல் நின்றபடியே இருந்த ஒரு வேப்பமரம். அவள் அந்த மரத்தின் கிளை உயரத்தில் நின்றாள். கால் எதிலும் படவில்லை. சந்தோஷமாக இருந்தது. அவள் வாழ்க்கையில் எந்தச் சந்தோஷத்தையும் இவ்வளவு மெதுவாக, மூச்சை எண்ணிக்கொண்டு அனுபவித்ததில்லை.

இரண்டு ஞாயிறுகளில் நாலு தடவை இறங்கினாள். செல்வராஜ் ஏட்டில் இடம், ஆழம், நேரம் எல்லாம் எழுதிக் கையெழுத்திட்டார். சான்றிதழ் கைக்கு வந்தபோது செப்டம்பர் இருபத்திரண்டு.

அவளுடைய மேலதிகாரி ராஜகோபால் கும்பகோணத்துக்காரர். கெட்ட மனிதர் அல்ல. ஆனால் எந்தத் தாளையும் இன்னொரு தாளோடு ஒத்துப்பார்க்காமல் விட்டால் அவருக்குத் தூக்கம் வராது. சான்றிதழையும் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலை ஓட்டினார்.

"ஏம்மா, இந்த இடம் நம்ம லிஸ்ட்லே இல்லையே."

"இல்ல சார். ஆனா தண்ணி இருக்கு."

"இருக்கலாம். ஆனா பத்து மீட்டருக்கு மேலே ஆழமுள்ள நீர்நிலை இந்த வட்டாரத்துலே ஒன்பதுதான்னு போன ஏப்ரல்லே சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கா. யாருன்னு பாருங்கோ."

அவள் பார்க்கவில்லை. யார் என்று அவளுக்குத் தெரியும்.

"இதைப் பெரிசு பண்ண வேண்டாம்" என்று ராஜகோபால் குரலைத் தாழ்த்தினார். "ஏழாம் நம்பர் பதினொன்றரை மீட்டர்னு இருக்கு. அங்கே இறங்கினதா சான்றிதழ் கொடுத்தவரை மாத்தி எழுதித் தரச் சொல்லுங்கோ. நான் இன்னிக்கே ஃபார்வேர்ட் பண்ணிடறேன். உங்களுக்கு அந்த வேலை நிச்சயம் கிடைக்கும்."

ஏழாம் நம்பர் என்றதும் அவளுக்குக் குலாப் ஜாமூன் நினைவுதான் வந்தது. சிரிப்பு முட்டியது. கடல் நாற்பது மீட்டர் தூரத்தில் இருந்தது. ஒரு வரியை மாற்றினால் போதும். செல்வராஜ் மாட்டார், ஆனால் அவர் எழுத்தைப் பார்த்து எழுத அவளுக்கே தெரியும். பதினோரு வருடமாகப் பார்த்து எழுதுவதுதானே தொழில்.

பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்தாள். சிவப்பு மை எடுத்து ஒன்பது வரிகளை அடித்தாள். ஒவ்வொன்றுக்கும் எதிரே 'கல்யாணத் தோட்டம்', 'பஸ் டிப்போ', 'குடியிருப்பு', 'முழங்கால் ஆழம், எருமைகள்' என்று தான் கண்டதை எழுதினாள். மீதி இருபத்திரண்டுக்கும் எதிரே 'நேரில் பார்க்கவில்லை' என்று எழுதினாள். அடியில் புதிதாக ஒரு வரி: கைவிட்ட கல் சுரங்கம், பத்தொன்பது மீட்டர், நேரில் அளந்தது. தேதியோடு கையெழுத்துப் போட்டாள். இந்தத் தடவை கையெழுத்து அழகாக இல்லை.

ராஜகோபால் பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தார். "இதுக்கு மெமோ வரும்மா. மெமோ பாக்கி இருந்தா டெபுடேஷனுக்கு ஃபார்வேர்ட் பண்ண முடியாது. அந்த ரூலை டைப் அடிச்சதே நீங்கதானே."

"நான்தான் சார்" என்றாள்.

மெமோ வந்தது. பதினோரு ஆண்டுகள் பார்க்காமலே சரிபார்த்தது ஏன் என்று மூன்று பக்கத்துக்குக் கேட்டிருந்தார்கள். 'எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள், நானும் செய்தேன், தவறு' என்று அவள் ஒன்றரை வரியில் பதில் எழுதினாள். எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். அதற்குள் செப்டம்பர் முப்பது போய்விட்டது. தீவு வேலை கான்பூர் அலுவலகத்து ஆள் ஒருவருக்குக் கிடைத்தது. ஸ்கூபா சான்றிதழ் உள்ளவர் எவரும் விண்ணப்பிக்காததால் அந்த விதி தளர்த்தப்படுகிறது என்று உத்தரவில் எழுதியிருந்தது.

அன்று ராத்திரி உஷாராணி அழுதாள். நன்றாகவே அழுதாள். காலையில் சுரேஷ்குமார் அவளுக்கு முன்னால் எழுந்து தண்ணீர் பிடித்து வைத்தான்.

நவம்பரில் ராஜகோபால் அவளைக் கூப்பிட்டார். மேலிடத்தில் ஒரே கலவரம். தில்லிப் பட்டியலே இந்த லட்சணம் என்றால் மற்ற பட்டியல்கள் என்ன லட்சணமோ என்று யாரோ கேட்டுவிட்டார்கள். மூன்று மாநிலங்களின் நீர்நிலைகளை நேரில் போய், தேவைப்பட்டால் இறங்கி அளந்துவர வேண்டும். தண்ணீருக்குள் இறங்கத் தகுதிச் சான்றிதழ் வைத்திருக்கிற பணியாளர் துறை முழுவதும் தேடியதில் ஒரே ஒருவர்தான் அகப்பட்டார்.

உஷாராணி உத்தரவை இரண்டு தடவை படித்தாள். "சார், இந்த மூணு மாநிலத்துல கடற்கரை ஏதாச்சும் இருக்கா?"

"தில்லி, ஹரியானா, ராஜஸ்தான்" என்றார் ராஜகோபால். "கடல் இல்லை. மணல் வேணுங்கிற அளவு இருக்கு."

அவள் அவர் மேஜையிலிருந்த பேனாவை எடுத்து, உத்தரவின் அடியில் எழுதினாள்: 'தண்ணீர் இருந்தால் இறங்கி அளந்து எழுதுவேன். இல்லாவிட்டால் இல்லை என்று எழுதுவேன். இதற்குச் சம்மதம் என்றால் போகிறேன்.'

ராஜகோபால் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு படித்தார். இரண்டாவது வரியைத் திரும்பவும் படித்தார். "இப்படியெல்லாம் ஆர்டர்லே எழுதற வழக்கம் கிடையாதேம்மா" என்றார்.

"தெரியும் சார். பதினோரு வருஷம் வழக்கப்படிதான் எழுதினேன்."

ராஜகோபால் அந்தத் தாளை எதனோடும் ஒத்துப்பார்க்கவில்லை. அவளிடமிருந்து பேனாவை வாங்கி, சம்மதம் என்று எழுதி, முழுப் பெயரையும் போட்டார்.